வயதைக் காரணம் காட்டி ஒதுக்கும்போது ஒருவருக்கு என்னவெல்லாம் நேர்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 52 வயது. ஆட்குறைப்பில் வேலை போய் எட்டு மாதமாகிறது. விண்ணப்பம் போட்ட இடங்களில் பெரும்பாலும் பதிலே இல்லை. கூப்பிட்ட சில இடங்களிலும் நேரில் பார்த்த பிறகு பேச்சு நின்றுவிட்டது. "இது வயதுப் பாகுபாடா, இல்லை என்னிடம்தான் சரக்கு தீர்ந்துவிட்டதா? இப்படியே போனால் ஒரு மனிதனை இது என்ன செய்யும்?" என்கிறார். கூடவே இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: 78 வயது அம்மாவை எந்த டாக்டரிடம் கூட்டிப்போனாலும் "வயசாயிடுச்சுல்ல" என்பதோடு முடித்துக்கொள்கிறார்களாம்.

முதலில் நேரடியான பதில். ஆம், இது உண்மையிலேயே நடக்கிறது. நீங்கள் கற்பனை செய்துகொள்ளவில்லை. உங்களுக்கு வந்த ஒவ்வொரு நிராகரிப்புக்கும் வயதுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது "என்னிடம்தான் சரக்கு தீர்ந்துவிட்டதா" என்ற பகுதி. வேலை இழந்தவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஆலோசனை சொல்வது என் தொழில். இதே கேள்வியை எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். வயதுப் பாகுபாடு ஒருவருக்குச் செய்யும் கெடுதல்களில் சம்பள இழப்பைவிடப் பெரியது ஒன்று உண்டு. ஒதுக்குகிறவர்கள் அவரைப் பற்றி நினைப்பதை அவரே நம்பத் தொடங்கிவிடுகிறார். உடம்பும் மனசும் கெடத் தொடங்குவது அங்கிருந்துதான். இதை ஆதாரத்தோடு சொல்ல முடியும், பின்னால் வருகிறேன்.

"உங்களுக்கு வயசாயிடுச்சு, வேண்டாம்" என்று எந்த நிறுவனமும் சொல்வதில்லை. சொல்வதெல்லாம் வேறு மாதிரி இருக்கும். "உங்க அனுபவத்துக்கு இது ரொம்பச் சின்ன வேலை சார்." "எங்க டீம் ரொம்ப யங்." "இங்க எல்லாமே ஃபாஸ்டா நடக்கும், ஓகேவா?" தனித்தனியாக எடுத்தால் எல்லாமே மரியாதையான பேச்சுதான். நேர்முகத் தேர்வு அறைக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் போக்கு தெரியும். விண்ணப்பதாரர் வந்து உட்காருகிறார். எதிரே இருப்பவர் ரெஸ்யூமைப் புரட்டி, பட்டம் பெற்ற ஆண்டைத் தேடுகிறார். பேனா முனை அந்த இடத்தில் ஒரு நொடி நிற்கிறது. அடுத்து வரும் கேள்வி வேலையைப் பற்றியதாக இருக்காது. "உங்களைவிட வயசு கம்மியான ஒருத்தர்கிட்ட ரிப்போர்ட் பண்ணணும், பரவாயில்லையா?" 30 வயதுக்காரரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. இதற்கு எந்தப் பதில் சொன்னாலும் வம்புதான். உடனே "பரவாயில்லை" என்றால் வேறு போக்கிடம் இல்லாதவர் என்று எடுத்துக்கொள்வார்கள். சற்று யோசித்துச் சொன்னால் ஈகோ உள்ளவர் என்பார்கள்.

ஒரு தனி மனிதரால் இதை நிரூபிக்க முடியாது என்பதால்தான் ஆய்வாளர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். தகுதியெல்லாம் ஒரே மாதிரி, வயது மட்டும் வேறு என்று கற்பனை விண்ணப்பங்களைத் தயாரித்து உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்ப்பது. அமெரிக்காவில் டேவிட் நியூமார்க் என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய சகாக்களும் இப்படி 40,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பி, 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 30 வயதையொட்டியவர், 50 வயதையொட்டியவர், 65 வயதையொட்டியவர் என்று மூன்று வகை. அலுவலக நிர்வாகப் பணிகளுக்கு விண்ணப்பித்த இளம் பெண்களில் 14.4 சதவீதம் பேருக்குப் பதில் அழைப்பு வந்தது. நடுத்தர வயதுப் பெண்களுக்கு 10.3 சதவீதம், 65-ஐ நெருங்கியவர்களுக்கு வெறும் 7.6 சதவீதம். காகிதத்தில் இருந்த திறமையில் வித்தியாசமே இல்லை. ஆண்கள் விஷயத்தில் அந்த ஆய்வின் முடிவுகள் இவ்வளவு உறுதியாக இல்லை. பெண்களுக்கு மிகத் தெளிவாக இருந்தன. அது தற்செயல் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போதெல்லாம் முதல் வடிகட்டலை மென்பொருளே செய்துவிடுகிறது. ஐடியூட்டர்குரூப் என்ற இணையவழிக் கல்வி நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் போட்ட வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 55 வயதைத் தாண்டிய பெண்களையும் 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் தானாகவே நிராகரிக்கும்படி அந்த நிறுவனத்தின் விண்ணப்ப மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தது என்பது குற்றச்சாட்டு. தகுதியுள்ள 200-க்கும் மேற்பட்டோர் இப்படி ஒதுக்கப்பட்டதாக ஆணையம் சொன்னது. விஷயம் வெளியே வந்த விதத்தைக் கவனியுங்கள். 2020-இல் ஒரு பெண் தன் உண்மையான பிறந்த தேதியோடு விண்ணப்பித்தார், நிராகரிப்பு வந்தது. மறுநாள் மற்ற விவரங்கள் எல்லாவற்றையும் அப்படியே வைத்து, பிறந்த தேதியை மட்டும் மாற்றிப் போட்டார். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. 2023-இல் அந்த நிறுவனம் 3,65,000 டாலர் கொடுத்து வழக்கைச் சமரசம் செய்துகொண்டது. அந்தப் பெண் மட்டும் இரண்டாவது முறை போட்டுப் பார்க்காமல் விட்டிருந்தால், மற்ற அத்தனை பேரும் "நமக்குத்தான் தகுதி போதவில்லை" என்றே நினைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

சரி, நிறுவனங்கள் பயப்படுவதில் நியாயம் ஏதாவது இருக்கிறதா? இதையும் நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும். மூத்த ஊழியர்களைப் பற்றிப் பரவலாக இருக்கும் ஆறு நம்பிக்கைகளை தாமஸ் இங், டேனியல் ஃபெல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊக்கம் குறைவு, மாற்றத்தை எதிர்ப்பார்கள், எளிதில் நம்பமாட்டார்கள், உடல்நலம் மோசம், குடும்பத்துக்கும் வேலைக்கும் இடையில் தடுமாறுவார்கள், புதிய பயிற்சிக்கும் முன்னேற்றத்துக்கும் முன்வரமாட்டார்கள் என்பவை அந்த ஆறு. 418 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2012-இல் அவர்கள் வெளியிட்ட முடிவில் ஐந்து நம்பிக்கைகளுக்கு ஆதாரம் இல்லை. கடைசியாகச் சொன்ன பயிற்சி விஷயம் ஒன்றுக்கு மட்டும் ஆதாரம் இருந்தது, அதுவும் பலவீனமாக.

அந்த ஒன்றையும் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 50 வயதைத் தாண்டியவரைப் பயிற்சிக்கு அனுப்புவது வீண் செலவு என்று மேலாளர் நினைக்கிறார். பட்டியலில் பெயர் வருவதில்லை. இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும் அவரே கேட்பதை நிறுத்திவிடுகிறார். பிறகு கணக்கெடுத்துப் பார்த்தால் "இவர்களுக்குப் பயிற்சியில் ஆர்வம் இல்லை" என்று வரத்தானே செய்யும்?

வயதாக ஆக எதுவுமே மாறுவதில்லை என்று நான் சொல்லவில்லை. புதிய தகவலைப் பரிசீலிக்கும் வேகம் இளமையிலேயே உச்சம் தொட்டு மெல்லக் குறைகிறது. சொல்வளமும் சேர்த்துவைத்த அறிவும் அறுபதுகள் வரைகூட வளர்கின்றன. இடையில் இருக்கும் திறன்கள் வெவ்வேறு வயதில் உச்சத்துக்கு வருகின்றன. இதையெல்லாம்விட முக்கியமான விஷயம், வயது கூடக்கூட மனிதருக்கு மனிதர் வித்தியாசமும் கூடுகிறது. இருபது வயதுக்காரர்கள் இருவருக்குள் இருக்கும் இடைவெளியைவிட எழுபது வயதுக்காரர்கள் இருவருக்குள் இருக்கும் இடைவெளி அதிகம். ஆக, வயதை வைத்து ஒருவரை எடைபோடுவது எந்த வயதில் மிக மோசமாகத் தவறுமோ, அந்த வயதில்தான் நாம் அதை அதிகமாகச் செய்கிறோம். வேகமாக வளரும் தொழில்களை இளைஞர்கள்தான் தொடங்குகிறார்கள் என்பதும் இப்படி ஒரு நம்பிக்கைதான். அமெரிக்காவில் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு அதிவேகமாக வளர்ந்த புதிய நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது, தொடங்கிய நேரத்தில், 45 என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

65 என்றால் ஓய்வு என்று பல நாடுகளில் பதிந்துபோன எண்ணுக்கும் மனித உடம்பின் அறிவியலுக்கும் பெரிய சம்பந்தமில்லை. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் 1889-இல் வந்த ஓய்வூதியச் சட்டம் 70 என்று வைத்தது. அதை 65 ஆக்கியது 1916-இல், பிஸ்மார்க் இறந்து பல ஆண்டுகள் கழித்து. அமெரிக்கா 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது அதே 65-ஐ எடுத்துக்கொண்டது. நிதிக் கணக்குக்காக வைத்த எண், காலப்போக்கில் ஒரு மனிதரின் பயன் எந்த நாளில் முடிகிறது என்பதற்கான முத்திரையாகிவிட்டது. மேகி கூன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1970-இல், 65 வயதானதால் தான் நேசித்த வேலையிலிருந்து கட்டாயமாக ஓய்வு கொடுக்கப்பட்டார். அதே நிலைமையில் இருந்த தோழிகளைச் சேர்த்துக்கொண்டு 'கிரே பாந்தர்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கி, 1995-இல் இறக்கும் வரை கட்டாய ஓய்வுக்கும் முதியோர் இல்லங்களின் சீர்கேட்டுக்கும் எதிராகப் போராடினார். அவருக்கு ஓய்வு கொடுத்தவர்கள் தள்ளிவிட்டது எப்பேர்ப்பட்ட உழைப்பை என்று யோசியுங்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இது ஒரு மனிதனை என்ன செய்யும்?

பண விஷயம் எல்லோருக்கும் கண்ணில் படுவது. ஐம்பதுகளில் வேலை போனால் அடுத்த வேலை கிடைக்க இளையவர்களைவிட அதிக நாளாகிறது, கிடைத்தாலும் பெரும்பாலும் குறைந்த சம்பளத்தில். ஓய்வுக்காலத்துக்கென்று வைத்த சேமிப்பில் அதற்கு முன்பே கைவைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பத்து ஆண்டில் சேர்ந்திருக்க வேண்டிய தொகை சேராமல் போகிறது. இந்த ஓட்டை கடைசிவரை அடைபடுவதில்லை.

அதற்கு அடுத்தது மெதுவாக நடக்கும், வெளியே தெரியாது. முதலில் ஒருவர் ரெஸ்யூமில் பட்டம் பெற்ற ஆண்டை எடுக்கிறார். பிறகு முதல் பத்து ஆண்டு வேலையை எடுக்கிறார். தலைக்குச் சாயம் அடிக்கிறார். இதிலெல்லாம் தவறில்லை, பிழைப்புக்கான தந்திரம். ஆனால் ஒரு கட்டத்தில் விளம்பரத்தைப் பார்த்ததும் அவரே தன்னை நிராகரித்துக்கொள்கிறார்: "இதுக்கெல்லாம் சின்னப் பசங்களத்தான் எடுப்பாங்க." விண்ணப்பமே போடுவதில்லை. ஒரு கூட்டத்தில் யாராவது புதிய மென்பொருளைப் பற்றிப் பேசினால், கற்றுக்கொள்ள முடிந்தவர்கூட "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். ஒரு பெயர் மறந்துபோனால் 25 வயதில் "மறந்துட்டேன்" என்று போய்விடுவார். இப்போது அதே மறதி அவரைப் பயமுறுத்துகிறது. நண்பர்களைப் பார்ப்பதைத் தவிர்க்கிறார், ஏனென்றால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி வேலையைப் பற்றித்தான் இருக்கும். வீட்டிலும் பேச்சு குறைகிறது. என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் வருகிறார்கள். அப்போது அவர்களிடம் திறமை அப்படியே இருக்கும். அதன் மீது இருந்த நம்பிக்கைதான் போயிருக்கும்.

இது ஏன் இவ்வளவு ஆழமாக இறங்குகிறது? யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி பல ஆண்டுகளாக ஆராய்வது இதைத்தான். நிறம், பால், சாதி என்று மற்ற எந்தப் பாகுபாட்டிலும், பாதிக்கப்படுகிறவர் பெரும்பாலும் பிறந்ததிலிருந்தே அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். தனக்கு எதிராகச் சொல்லப்படுவதை எதிர்த்து நிற்கச் சிறு வயதிலிருந்தே ஏதோ ஒரு வகையில் பழகுகிறார், சொந்தக்காரர்களும் பழக்குகிறார்கள். முதுமை அப்படி இல்லை. முதியவர்கள் என்றால் மந்தம், மறதி, பாரம், பிடிவாதம் என்பதையெல்லாம் நாம் குழந்தைகளாக இருக்கும்போதே, அது வேறு யாரையோ பற்றியது என்ற நினைப்பில், எதிர்ப்பே இல்லாமல் வாங்கி வைத்துக்கொள்கிறோம். ஐம்பது ஆண்டு கழித்து ஒரு நாள் அது நம்மைப் பற்றியதாகிவிடுகிறது. அப்போது அதை மறுக்க நம்மிடம் எதுவும் இருப்பதில்லை. அத்தனை காலமும் நாமே ஒப்புக்கொண்டிருந்த விஷயம் அல்லவா?

லெவியின் 2002 ஆய்வு இதில் முக்கியமானது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்த, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 660 பேரிடம், தங்கள் மூப்பைப் பற்றி அவர்களே என்ன நினைக்கிறார்கள் என்று 1975-இல் கேட்டு வைத்திருந்தார்கள். அவர்களில் யார் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று பிறகு பார்த்தபோது, தங்கள் மூப்பை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட 7.5 ஆண்டு அதிகம் வாழ்ந்திருந்தார்கள். "ஆரோக்கியமாக இருந்தவர்கள் நல்லவிதமாக நினைத்திருப்பார்கள், அவ்வளவுதானே" என்று உடனே கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. வயது, பால், பொருளாதார நிலை, தனிமை, உடல் இயக்கத் திறன் ஆகியவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. இருந்தாலும் இது தொடர்பைத்தான் காட்டுகிறது. மனப்பான்மை ஒன்றே ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. ஆனால் அந்த ஆய்வு தனியாக நிற்கவில்லை. முதுமையைப் பற்றி மோசமான எண்ணம் வைத்திருந்த 49 வயதும் அதற்குக் கீழும் ஆனவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்று 2009-இல் அவரே வெளியிட்டார். 70 வயதைத் தாண்டிய 598 பேரைப் பற்றிய 2012 ஆய்வில், முதுமையைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்கள் கடுமையான முடக்கத்திலிருந்து முழுமையாக மீளும் வாய்ப்பு மற்றவர்களைவிட 44 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது.

இது எப்படி உடம்புக்குள் போகிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. "இனிமேல் இறங்குமுகம்தான்" என்று நம்புகிறவர் நடைப்பயிற்சியை விடுகிறார், மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை, வலி வந்தால் மருத்துவரிடம் போவதில்லை. போய் என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். ஒவ்வொரு நாளும் தான் குறைந்துவிட்டோம் என்ற உறுத்தலோடு இருப்பது உடம்பை ஓயாத மன அழுத்தத்தில் வைக்கிறது. அது இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பாதிக்கிறது. இரண்டும் சேர்ந்து, அவர் பயந்த அதே நிலைமையை உண்டாக்குகின்றன. பிறகு எல்லோரும் சொல்கிறார்கள்: "பாருங்க, வயசானா இப்படித்தான்."

உங்கள் அம்மா விஷயம் இங்கேதான் வந்து சேர்கிறது. மருத்துவர் அறையில் நடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள். டாக்டர் உங்களைப் பார்த்துக் கேட்கிறார்: "எத்தனை நாளா முட்டி வலிக்குதாம்?" அம்மா பதில் சொல்ல வாயெடுக்கிறார். அதற்குள் நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். டாக்டர் எழுதிக்கொண்டே, "இந்த வயசுல இதெல்லாம் இருக்கும்" என்கிறார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்து முட்டியை மூடிக்கொள்கிறார். அடுத்த முறை வலி வந்தால் உங்களிடம்கூடச் சொல்லமாட்டார். வலி மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. சோர்வு, மறதி, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவற்றுக்குப் பின்னால் தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் குறைவு, இரத்த சோகை, மனச்சோர்வு நோய், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மாத்திரைகள் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. "வயசு" என்ற ஒற்றைச் சொல் அந்தத் தேடலையே நிறுத்திவிடுகிறது.

உலக அளவில் இதன் பரப்பைப் பார்த்தவர்களும் லெவியின் குழுவினர்தான். 45 நாடுகளில் நடந்த 422 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் அவர்கள் வெளியிட்டதில், வயதுப் பாகுபாடு முதியவர்களின் உடல்நலத்தைப் பாதிக்கிறது என்று ஏறக்குறைய 96 சதவீத ஆய்வுகள் காட்டின. யாருக்கு எந்தச் சிகிச்சை கிடைக்கிறது என்பதை வயது தீர்மானிக்கிறதா என்று பார்த்த 149 ஆய்வுகளில் 85 சதவீதம் ஆம் என்றன. மருந்துப் பரிசோதனைகளில் முதியவர்களைச் சேர்க்காமல் விடுவது நெடுங்காலப் பழக்கம். ஒரு மருந்தை அதிகம் சாப்பிடப்போகிறவர்கள் எழுபது வயதுக்காரர்கள், அதைச் சோதித்துப் பார்த்தது ஐம்பது வயதுக்காரர்களிடம். காரணமில்லாமல் வயதை வைத்து ஆய்வுகளிலிருந்து விலக்கக் கூடாது என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் விதி கொண்டுவந்ததே 2019-இல்தான். அடுத்த ஆண்டு மார்ச்சில் கோவிட் இத்தாலியைத் தாக்கியபோது, தீவிர சிகிச்சைப் படுக்கைகளுக்கு வயது வரம்பு வைக்க வேண்டிவரலாம் என்று அந்நாட்டு மயக்கவியல், தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் எழுதியது. அவர்கள் நின்ற இக்கட்டை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நெருக்கடி வந்ததும் கைக்குக் கிடைத்த முதல் அளவுகோல்களில் ஒன்று வயதாக இருந்தது என்பதைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

அன்போடு செய்யும் பாகுபாடும் இருக்கிறது. முதியவர்களிடம் குரலை உயர்த்தி, இழுத்து, குழந்தையிடம் பேசுவது போல "பாட்டி, நாம சமத்தா மாத்திரை போட்டுக்கலாமா?" என்பது. பேசுகிறவர் பாசத்தில்தான் பேசுகிறார். ஆனால் மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லங்களில் பதிவுசெய்த காட்சிகளை வைத்து 2009-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு, இப்படிப் பேசும்போது அவர்கள் பராமரிப்பை எதிர்த்து முரண்டுபிடிப்பது இயல்பாகப் பேசும்போது இருப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று காட்டியது. நினைவு தவறிய நிலையிலும் தன்னைச் சிறுமைப்படுத்தும் தொனி ஒருவருக்குப் புரிகிறது.

பெண்கள் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன் என்றேன். ஆணின் நரை அனுபவம் என்று பெயர் பெறுகிறது, பெண்ணின் நரை அலட்சியம் என்று. தோற்றத்தை வைத்து மதிப்பிடுவது பெண்களுக்கு முன்பே தொடங்கிவிடுவதால் வயதின் சுமையும் அவர்களுக்கு முன்பே வந்துவிடுகிறது. இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு 1981-இல் வந்த ஏர் இந்தியா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விமானப் பணிப்பெண்கள் 35 வயதில், அல்லது பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் திருமணம் செய்தால், அல்லது முதல் முறை கர்ப்பமானால் வேலையை விட வேண்டும் என்பது விதி. விமானத்துக்குள் பணியாற்றிய ஆண் ஊழியர்களுக்கு 58 வரை வேலை. கர்ப்ப விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. மேலாண்மை இயக்குநர் விரும்பினால் மட்டும் பணியை நீட்டிக்கலாம் என்ற தனி அதிகாரத்தையும் ரத்து செய்தது. ஆனால் ஆண்களுக்கு ஒரு வயது, பெண்களுக்கு ஒரு வயது என்பதே பாகுபாடு என்ற வாதத்தை ஏற்கவில்லை.

இளையவர்களும் இதற்குத் தப்பவில்லை. "உனக்கு என்ன வயசாகுது, பேச வந்துட்ட" என்பதும் இதே நோய்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் இரண்டு பேரில் ஒருவர் முதியவர்களிடம் பாகுபாடான எண்ணம் கொண்டவர் என்று சொன்னது. அதே அறிக்கை, ஐரோப்பாவில் வயதின் பேரில் தாங்கள் மோசமாக நடத்தப்படுவதாக மற்றவர்களைவிட அதிகம் சொல்வது இளையவர்கள்தான் என்றும் சொன்னது. ஜெர்மனியில் 18 வயதில் வேலைக்குச் சேர்ந்து 10 ஆண்டு உழைத்த ஒரு பெண்ணை நீக்கியபோது, 25 வயதுக்கு முன்பு செய்த பணியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்ற பழைய சட்டப் பிரிவைக் காட்டி, மூன்று ஆண்டு மட்டுமே வேலை பார்த்தவர் போலக் குறைந்த முன்னறிவிப்புக் காலம் கொடுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2010-இல் அது வயதுப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது.

சட்டம் எவ்வளவு உதவும் என்று கேட்டால், இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வேலையில் பாகுபாட்டிலிருந்து காக்கும் சட்டம் 1967-இலேயே வந்தது. 1986 திருத்தம் பெரும்பாலான வேலைகளில் கட்டாய ஓய்வை ஒழித்தது. ஆனால் 2009-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வயது இல்லாவிட்டால் இந்த முடிவு எடுக்கப்பட்டே இருக்காது என்று ஊழியர் நிரூபிக்க வேண்டும் என்றது. அதனால் வழக்கில் வெல்வது கடினமாகிவிட்டது. பிரிட்டனில் 2010-இன் சமத்துவச் சட்டம் வயதையும் பாதுகாக்கிறது, 65-இல் அனுப்பிவிடலாம் என்ற ஏற்பாடு 2011-இல் நீங்கியது. இந்திய அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைச் சொல்கிறது. வயது அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது, குறிப்பாக ஆட்குறைப்பில் போனவர்களின் வயதுகளை உங்களால் திரட்ட முடியுமானால். தனி நிராகரிப்பைவிட, ஒரே பிரிவில் 45-ஐத் தாண்டியவர்கள் மட்டும் வெளியேறியிருக்கிறார்கள் என்ற கணக்கு வலுவான ஆதாரம். மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள். யார், என்ன, எந்தத் தேதியில் சொன்னார்கள் என்று குறித்து வையுங்கள்.

வேலை தேடுவதில், பொது விளம்பரத்துக்கு விண்ணப்பம் போடுவதைக் குறைத்து, உங்களோடு வேலை பார்த்தவர்களைத் தேடிப் போங்கள். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவருக்கு உங்கள் வயது ஒரு தகவல், அவ்வளவுதான். பார்க்காதவருக்கு அதுதான் முதல் அளவுகோல். ரெஸ்யூமில் கடைசி 15 ஆண்டு போதும், அது ஒளிப்பதாகாது. சமீபத்தில் கற்றுக்கொண்ட ஒன்றை முதல் பக்கத்திலேயே காட்டுங்கள். இளைய மேலாளரைப் பற்றிய அந்தக் கேள்வி வந்தால் "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லி விடாமல், வயதில் இளையவர் ஒருவரோடு சேர்ந்து முடித்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். நிராகரிப்பு வந்த அன்றைக்கு உங்களைப் பற்றி நீங்களே சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களைக் கவனியுங்கள். "இந்த வயசுல" என்று தொடங்கும் எதுவாக இருந்தாலும், அதே குறையை 30 வயதில் என்னவென்று சொல்லியிருப்பீர்கள் என்று யோசியுங்கள். பெரும்பாலும் அது சரிசெய்யக்கூடிய ஏதோ ஒன்றாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

சுற்றியிருப்பவர்களை மாற்ற முடியுமா என்றால், முடியும் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன, செலவும் அதிகமில்லை. 63 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019-இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், முதுமையைப் பற்றிக் கற்றுக்கொடுப்பதும் இளையவர்களும் முதியவர்களும் சேர்ந்து பழகுவதும் மனப்பான்மையைக் கணிசமாக மாற்றின. இரண்டையும் சேர்த்துச் செய்தபோது பலன் அதிகம். சந்திப்பு விழாக்களால் இது நடப்பதில்லை. ஒரே வேலையை இருவரும் சமமாகச் செய்ய வேண்டும். ஒருவர் கொடுப்பவர், மற்றவர் வாங்குபவர் என்று ஆகிவிட்டால் பழைய எண்ணம்தான் உறுதிப்படும்.

அம்மாவை அடுத்த முறை மருத்துவரிடம் கூட்டிப்போகும்போது, போவதற்கு முன்பே அவரிடம் உட்கார்ந்து என்ன தொந்தரவு, எப்போதிருந்து, எந்த நேரத்தில் என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப்போங்கள். உள்ளே போனதும் நாற்காலியை அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்காருங்கள், பின்னால் நிற்காதீர்கள். டாக்டர் உங்களைப் பார்த்துக் கேட்டால் "அம்மாவே சொல்வாங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் மெதுவாகச் சொன்னாலும் குறுக்கே போகாதீர்கள். "வயசுதான் காரணம்" என்று பதில் வந்தால், ஒரு முட்டிதான் வலிக்கிறது, இன்னொன்றுக்கும் அதே 78 வயதுதானே என்று பணிவாகக் கேளுங்கள். 50 வயதுக்காரர் இதே தொந்தரவோடு வந்தால் என்னென்ன பரிசோதனை எழுதுவீர்கள் என்றும் கேளுங்கள். அந்தப் பரிசோதனைகளில் எது அம்மாவுக்கு வேண்டாம், ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்ல நல்ல மருத்துவர் தயங்கமாட்டார். காரணம் சொல்ல மறுப்பவரிடமிருந்து வேறு மருத்துவரிடம் போய்விடுங்கள்.